தமிழிலே டாக்டர்களை உருவாக்கிய சாமுவேல் கிரீன்



ஒவ்வோர் ஆண்டும் பரிசளிப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில், ஆண்டு ஆறு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து, பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று எழுதச் சொல்வது என் வழக்கம். பாதிச் சீட்டுக்கு மேல் டாக்டர் என்றுதான் வரும். இந்த ஆண்டும் அப்படித்தான் வந்தது. ஒரு சீட்டில் டாக்கட்டர் என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழையைத் திருத்தினேன். ஆசையைத் திருத்த நான் யார்?

பெற்றோர்கள் என்னிடம் கேட்பது வேறு. தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளை டாக்டராக வர முடியுமா வாத்தியாரே என்று கேட்கிறார்கள். பதிவு நாளில் மட்டும் நாலு பேர் கேட்டார்கள். பால்மரம் வெட்டிய கையும் செம்பனைக் குலை தூக்கிய தோளும் கேட்கிற கேள்வி அது. சும்மா சிரித்து மழுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

யாரும் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. டாக்டரான பிறகு அந்தப் பிள்ளை எப்படி இருக்கும்? என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது வேறு மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருக்கிறாள். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், என்னோடு பேசிக்கொண்டே, கையில் வைத்திருந்த முறுக்கைக் கடிக்காமலே நாற்காலியில் தூங்கிப் போனாள். அம்மாக்காரிக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயிற்றைக் கலக்கம். நம் நாட்டில் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். அதை எதிர்த்து 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் வார்டை விட்டு வெளியே வந்து குரல் கொடுத்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். விழித்தெழுந்ததும் அந்தப் பெண் என்னிடம், இந்த வேலையிலேயே இருக்கட்டுமா சார், வேற ஏதாவது பார்க்கட்டுமா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு டாக்டருக்கு நான் என்ன புத்தி சொல்வது?

அதற்குப் பிறகுதான் ஒரு பழைய டாக்டரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர் அமெரிக்கர். ஆனாலும் நம்மவர் என்று சொன்னால் மிகையாகாது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளும் அவர் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கின்றன. அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

கிரீன் 1822 அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில், கிரீன் ஹில் என்ற தங்கள் குடும்பத்து நிலத்தில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தையே உருவாக்கியவர் என்று பெயர் எடுத்தவர். அங்குள்ள சென்ட்ரல் பார்க் பூங்கா அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அண்ணன் அப்படி நகரம் கட்டப் போக, தம்பி நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845இல் டாக்டரானார்.

அந்தக் காலத்து மருத்துவம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அறுவைக்கு முன் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கலாம் என்று பாஸ்டன் நகரில் எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டியது 1846 அக்டோபரில்தான். அதற்கு முன்பெல்லாம் நாலு பேர் பிடித்துக்கொள்ள, அலற அலறத்தான் காலை வெட்டினார்கள். வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ சொன்னபோது பலர் நம்பவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு இன்னும் வேர் பிடிக்காத காலம்.

அப்படிப்பட்ட காலத்தில், 1847இல், இருபத்து நாலு வயதில், கிரீன் பாஸ்டனில் கப்பலேறினார். மாதக்கணக்கில் கடலில் கிடந்து இலங்கையில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். அமெரிக்க மிஷனார் அவருக்கு முன்பே அங்கே இருந்தார்கள். பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் என்ற டாக்டர் 1820 வாக்கிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தார். வட்டுக்கோட்டையில் 1823 முதல் உயர்கல்விச் சாலை ஒன்று நடந்து வந்தது. கிரீன் முதலில் வட்டுக்கோட்டைக்கும், பிறகு மானிப்பாய்க்கும் போனார். மானிப்பாய்தான் அவர் ஊராகிப் போனது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் மதம் பரப்பவும் வந்தவர். நம் நாட்டு வைத்தியர்களைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இருந்ததில்லை. இந்த இரண்டிலும் எனக்கு அவரோடு உடன்பாடு கிடையாது. இருந்தாலும், வந்த இடத்தில் அவர் செய்து வைத்த வேலையைப் பார்க்கும்போது, வணங்கத்தான் தோன்றுகிறது.

வந்த உடனே அவருக்கு ஒன்று விளங்கியது. வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்க ஒரு டாக்டர் போதாது, பத்து டாக்டரும் போதாது. ஆகவே 1848இலேயே சில உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார். பகலில் நோயாளி, நோயாளிக்கு நடுவே பாடம், பாடத்துக்கு நடுவே தமிழ் படிப்பது. இன்றைக்கு நாம் வேலைப்பளு என்று சொல்கிறோமே, அதுதான். எட்டு மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அவருக்கு யாரும் எழுதித் தரவில்லை.

முதல் பத்தாண்டில் பாடம் ஆங்கிலத்தில்தான். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், நன்றாகவே தேறினார்கள். தேறியதும் என்ன ஆனது தெரியுமா? பலர் அரசாங்க உத்தியோகத்துக்கும் வெளியூருக்கும் போய்விட்டார்கள். ஆங்கிலம் படித்த டாக்டர் எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கொடுக்கக் கிராமத்து ஜனங்களிடம் பணம் ஏது? அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் தங்கச்சி கல்யாணம், அப்பா கடன் என்று ஆயிரம் இருந்திருக்கும். நம் பிள்ளைகளும் நாளைக்குச் சிங்கப்பூர் போகத்தான் செய்வார்கள். ஆனாலும் கிரீனின் நிலையில் இருந்து பாருங்கள். மானிப்பாய்க்கு வேண்டும் என்று வளர்த்த கன்று வேறு தோட்டத்தில் போய்ப் பால் கொடுக்கிறது.

இதற்கிடையில் 1857இல், கட்டர் என்பவர் எழுதிய உடல் நூலையும், பிரசவ வைத்திய நூல் ஒன்றையும் தமிழில் கொண்டு வந்தார். பிரசவ நூலுக்குப் பிரசவ வைத்தியம் என்று பெயர். கேட்டாலே புரிகிறதல்லவா? அந்த அழகான பெயர் 1857இல் அச்சேறியது.

அதே 1857இல் அவர் உடம்பு முடியாமல் போனது. பத்து ஆண்டு ஓயாமல் உழைத்த உடம்பு. வேலையை விட்டு அமெரிக்காவுக்குக் கிளம்பினார்.

பெற்றோர்களே, பயிற்சி டாக்டர்களின் அப்பா அம்மாமார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெரியோர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நாலைந்து ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். ஓய்வில் இருந்தார், திரும்பி வந்தார், முடிந்தது. நான் அந்த வரியில்தான் வெகு நேரம் நின்றேன். நம் வழக்கத்தில் படுத்துவிட்ட ஆளை எப்படிப் பேசுவோம்? இவ்வளவு படிச்சும் தாக்குப் பிடிக்க முடியலையே என்று பேசுவோம். வேலை மாற்றம் கேட்ட டாக்டர் பிள்ளையைச் சோம்பேறி என்போம். பெரட்டுக்கு ஒரு நாள் போகாதவனை மண்டோர் பார்க்கிற பார்வைதான் நமக்கும் பழகிப் போயிருக்கிறது.

கிரீன் ஊருக்குப் போனார், உடம்பைத் தேற்றினார், கல்யாணமும் செய்துகொண்டார். மனைவி பெயர் மார்கரெட். 1862இல் இருவருமாக யாழ்ப்பாணம் திரும்பினார்கள். போகும்போது முப்பத்தைந்து வயதுத் தனியாள். வரும்போது நாற்பதை நெருங்கும் குடும்பஸ்தர். இன்றைக்கு நாம் அவரை நினைப்பதற்குக் காரணமான காரியங்களில் பெரும்பாலானவை, அந்த ஓய்வுக்குப் பிறகு செய்தவைதான். அவர் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மானிப்பாயிலேயே கிடந்திருந்தால், தமிழுக்கு அந்த நூல்கள் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

திரும்பி வந்தவர், இனிமேல் பாடம் தமிழில்தான் என்று முடிவெடுத்தார். 1864இல் தமிழ் வகுப்பு தொடங்கியது. தமிழில் படித்த டாக்டர் தன் ஊரிலேயே இருப்பான், ஊர்க்காரர் கொடுக்கிற பணத்தில் வாழ்வான், நோயாளியின் பாஷையிலேயே நோயை விசாரிப்பான் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரன் மாதிரித் திரிவதையும் அவர் விரும்பவில்லை. நம் ஊர் வேட்டியிலேயே டாக்டராக இருக்கலாமே என்றுதான் நினைத்தார்.

நோயாளியின் பாஷை என்பது சின்ன விஷயமா? என் அம்மாவுக்கு இனிப்பு நீர். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். கால் மரமரன்னு இருக்கு, ராத்திரியில் குத்துது, எரியுது என்று அம்மா சொல்வதை நான் எனக்குத் தெரிந்த மலாயில் சக்கிட் காக்கி என்று இரண்டே சொல்லில் சொல்லி முடிப்பேன். கால் வலி, அவ்வளவுதான். மரமரப்பும் எரிச்சலும் என் வாயோடு நின்று போயின. அந்த மரமரப்புத்தான் நரம்பு கெடுவதன் அடையாளம் என்று பல ஆண்டு கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கிரீனின் கணக்கு எனக்குச் சட்டென்று புரிந்தது.

வகுப்பு தமிழில் என்றால் புத்தகம் வேண்டுமே! மனித உடம்பில் இருக்கிற ஒவ்வோர் எலும்புக்கும், ஒவ்வொரு தசைக்கும், ஒவ்வொரு நரம்புக்கும் தமிழில் பெயர் வேண்டும். ஒரு நாள் அறிவியல் பாடத்துக்குப் பத்துச் சொல் தேட நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். கிரீன் ஒரு முறை வைத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுவது. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் எடுப்பது. அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வது. கெமிஸ்ட்ரி என்பது கெமிஸ்தம் ஆனது அப்படித்தான். உங்கள் பிள்ளைகள் இன்று வேதியியல் என்று படிக்கிற பாடம் அதுதான். கெமிஸ்தம் என்றதும் வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு யாராவது ஒருவர் துணிந்து ஒரு பெயர் வைத்திருக்க வேண்டும்.

1867இல் அறுவைச் சிகிச்சை நூல் வந்தது, இரண வைத்தியம் என்ற பெயரில். 1872இல் மனுஷ அங்காதிபாதம் வந்தது. இது எந்த நூல் தெரியுமா? உலகம் முழுக்க இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் தூக்கிச் சுமக்கிற கிரேயின் உடற்கூற்று நூல். லண்டனில் அது முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினாலே ஆண்டில் தமிழில் வந்துவிட்டது! அந்த நூலை எழுதிய ஹென்றி கிரே என்ற டாக்டரோ, 1861இல் பெரியம்மை கண்டு முப்பத்து நாலு வயதில் செத்துப் போனார். அம்மை கண்ட தன் உறவுப் பையனுக்குப் பணிவிடை செய்யப் போய் அவருக்கு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். டாக்டர்களுக்கும் உடம்பு ஒன்றுதான்.

அதே 1872இல் வைத்தியாகரம் என்ற பொது மருத்துவ நூலும், 1875இல் கெமிஸ்தமும் வந்தன. மொத்தத்தில் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவம் தமிழுக்கு வந்தது. இதை அவர் ஒருவரே செய்யவில்லை. அவரிடம் படித்த யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் கூட உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். டான்வர்த், சாப்மன் என்றெல்லாம் அவர்களின் பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மிஷன் பள்ளியில் சேர்ந்தபோது அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் அவர்கள்.

புத்தகம் ஒரு பக்கம் இருக்க, 1866, 1867 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி பரவியது. ஊர் ஊராக ஜனங்கள் மாண்டார்கள். கிரீனும் அவர் உருவாக்கிய வைத்தியர்களும் அந்த வேளையில் ஓய்ந்து உட்காரவில்லை. கிருமியைக் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் கண்டு சொல்வதற்கு இன்னும் பதினாறு, பதினேழு ஆண்டு இருந்தது. எதிரி யார் என்றே தெரியாமல் சண்டைக்குப் போனவர்கள் அவர்கள். 2020இல் கோவிட் காலத்தில் நம் ராசா சாலையிலிருக்கும் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே இருக்கும் டாக்டர், மிஸ்ஸிகளை நினைத்துக்கொள்வோமே, அந்த நினைப்பு இதைப் படித்தபோதும் எனக்கு வந்தது.

ஏறக்குறைய அறுபது பேரைக் கிரீன் டாக்டராக்கினார். அவர்களில் முப்பத்து மூவர் தமிழிலேயே படித்தவர்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

1873இல் மறுபடியும் உடம்பு முடியவில்லை. மனைவி, பிள்ளைகளோடு அமெரிக்கா போனவர் அப்புறம் திரும்பி வர முடியவில்லை. அவர் போன பிறகு தமிழ் வகுப்பும் நிலைக்கவில்லை. 1870இலேயே கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. சர்க்கார் சம்பளமும் பதவியும் அந்த வாசல் வழியாகத்தான் கிடைக்கும் என்றால், தமிழில் படிக்க யார் வருவார்கள்? இதில் கிரீன் கணக்கு தப்பியது என்றுதான் நான் சொல்வேன். பாஷையை அவர் கொடுத்தார். அந்தப் பாஷையில் படித்தவனுக்கு மேலே ஏறிப் போக ஏணியைக் கொடுக்க அவரால் முடியவில்லை. அது சர்க்காரின் கையில் இருந்தது.

பிற்பாடு, 1890களில் ரயில், தபால், ஆஸ்பத்திரி வேலைகளுக்கு யாழ்ப்பாணத்து ஆட்கள் மலாயாவுக்கு வந்தார்கள். சிரம்பானிலும் நிறையப் பேர் தங்கினார்கள். தோட்டத்துக் கிராணியாகவும், மருந்து கொடுக்கிற டிரஸ்ஸராகவும் நம் தாத்தா பாட்டிமார் பார்த்தது அவர்களில் பலரைத்தான். கிரீனைப் போன்ற மிஷனாரும் ஊர்ப் பெரியவர்களும் போட்ட பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள் அவர்கள். தமிழில் டாக்டருக்குப் படித்த ஒரு தலைமுறை அதே மண்ணில் இருந்தது என்பது மட்டும் நம் லயத்துக்கு வந்து சேராமலே போய்விட்டது.

இப்போது பதிவு நாளில் கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். தமிழில் அறிவியல் படித்தால் மூளையில் ஏறாது என்பது பொய். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் ஏறும் என்று 1864இலேயே காட்டியாகிவிட்டது. 2003இல் நம் நாட்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். அதன் பிறகு கட்டம் கட்டமாகத் தாய்மொழிக்குத் திரும்பினோம். 2016இல் இருமொழிப் பாடத் திட்டம் வந்தது. இந்த ஆட்டத்தில் பெற்றோர்கள் குழம்பிப் போனதில் தப்பில்லை. மேலே படிக்க மலாயும் ஆங்கிலமும் கட்டாயம் வேண்டும். கிரீனின் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆறு ஆண்டு தமிழில் அஸ்திவாரம் போடுங்கள், மற்ற இரண்டையும் கூடவே வளருங்கள் என்பதுதான் என் பதில். நாலு பேரில் மூன்று பேர் பதிந்துவிட்டுத்தான் போனார்கள்.

முறுக்கோடு தூங்கிய பெண்ணுக்குக் கிரீனின் கதையை எழுதி அனுப்பினேன். 1857க்கும் 1862க்கும் கீழே பென்சிலால் கோடு போட்டு அனுப்பினேன். அவள் வேலையை விடவில்லை. சேர்த்து வைத்திருந்த லீவை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

கிரீன் உஸ்டர் நகரில் பதினோரு ஆண்டு இருந்தார். நோயாளி, வகுப்பு எதுவும் இல்லாவிட்டாலும் தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். அந்தக் குளிர் நாட்டில், பேசத் தமிழ் ஆள் ஒருவர் இல்லாத ஊரில், மனுஷ சுகரணம் என்ற உடலியல் நூல் 1883இல் வெளிவரப் பார்த்தார். அடுத்த ஆண்டு 1884 மே 28ஆம் நாள் கண்ணை மூடினார். அப்போது அறுபத்தொரு வயது. தன் கல்லறைக் கல்லில், தமிழருக்கு வைத்தியத்தோடு நற்செய்தியும் கொண்டு போனவன் என்று பொறிக்க வேண்டும் என அவர் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே பொறித்தார்கள். மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. உஸ்டர் இடுகாட்டில், அமெரிக்கப் பெயர்களுக்கு நடுவே, தமிழர் என்ற சொல்லோடு அந்தக் கல் இருக்கிறது.